வராத கருவியை நம்புவது: தொழில்நுட்பமும் மத நம்பிக்கையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஸ்காட்ஸ்டேல் நகரில், அல்கார் என்ற அமைப்பின் கட்டடத்துக்குள் ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுக் கலங்கள் வரிசையாக நிற்கின்றன. வெளிவெப்பம் புகாதபடி இரட்டைச் சுவரும் இடையே வெற்றிடமும் கொண்ட கலங்கள் அவை. உள்ளே திரவ நைட்ரஜன். வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். பெரிய கலம் ஒன்றில் நான்கு உடல்களை வைக்கலாம். எல்லா உடல்களும் தலைகீழாகவே வைக்கப்படுகின்றன. என்றாவது நைட்ரஜன் மட்டம் இறங்கினால் முதலில் பாதம் வெளியே தெரியட்டும், மூளை கடைசிவரை மூழ்கிக் கிடக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. முழு உடலுக்கு 2 லட்சம் டாலர், தலைக்கு மட்டும் என்றால் 80,000 டாலர் என்ற அளவில் நெடுங்காலம் கட்டணம் இருந்துவந்தது. உறுப்பினர்களில் பலர் இதற்காகவே ஆயுள் காப்பீடு எடுத்துவைக்கிறார்கள். சட்டப்படி இறந்துபோன இவர்களை அந்த அமைப்பு நோயாளிகள் என்றே தன் பதிவேட்டில் குறிக்கிறது. எதிர்கால மருத்துவம் இவர்களை எழுப்பும் என்பது எதிர்பார்ப்பு.

இதைக் கேட்கும் எவருக்கும் மதம் நினைவுக்கு வராமல் போகாது. உயிர்த்தெழுதல், மரணமில்லாத வாழ்வு, காத்திருக்கும் அடியார் கூட்டம், வாழ்நாள் முழுவதும் செலுத்தும் காணிக்கை என எல்லாம் இருக்கின்றன. மேற்குலகின் தொழில்நுட்ப ஆசையே கிறித்துவ மீட்புக் கனவின் வழித்தோன்றல் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1997இல் ஒரு நூலே எழுதினார். ஒற்றுமை இருப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பேசுபொருள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து, தொழில்நுட்ப நம்பிக்கையும் மதம்தானா என்ற கேள்வியை முடித்துவிட்டால் முக்கியமானது கைநழுவிப் போகும். ஒரு வாக்குறுதி பொய்த்தால் அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மதத்தைப் போலவே தோன்றும் தொழில்நுட்ப நம்பிக்கைகளால் பிறருக்குப் பெரிய கேடு இல்லை. மதத்தின் சாயலே தெரியாமல், அரசு அறிக்கைகளின் அட்டவணைகளில் எண்களாக உட்கார்ந்திருக்கும் நம்பிக்கைகளே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்ய வேண்டியவை.

இறந்தவரை அறிவியல் எழுப்பும் என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மாஸ்கோவில் ருமியான்செவ் அருங்காட்சியகத்தின் நூலகத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றிய நிகோலாய் ஃபியோதரோவ் (1829–1903) அதை முழுமையான தத்துவமாகவே வகுத்தார். வாங்கிய சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் துறவிபோல் வாழ்ந்த மனிதர். தால்ஸ்தோய் மதித்த மனிதர். ஆழ்ந்த கிறித்துவரான அவர் சொன்னது இதுதான்: உயிர்த்தெழுதலை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போதாது, அதை மனிதர்களே செய்து முடிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக மாண்ட முன்னோரின் உடல் துகள்களைத் திரட்டி, பிள்ளைகள் தம் தந்தையரை மீண்டும் உயிரோடு எழுப்ப வேண்டும். அதுவே மனிதகுலத்தின் பொதுப்பணி. எழுந்தவர்கள் அனைவரும் வாழப் பூமியில் இடம் போதாதே என்ற கேள்விக்கும் அவரிடம் விடை இருந்தது: மற்ற கோள்களில் குடியேற வேண்டியதுதான். பிற்காலத்தில் ராக்கெட் இயலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட சியல்கோவ்ஸ்கி, இளம்வயதில் மாஸ்கோவுக்குப் படிக்க வந்தபோது அவருக்குப் புத்தகம் எடுத்துக்கொடுத்து உதவியவர் இந்த நூலகர். விண்வெளிப் பயணம் என்ற எண்ணம் ரஷ்யாவில் வேர்விட்ட மண்ணில் உயிர்த்தெழுதல் கனவும் கலந்திருந்தது.

மதத்தை ஒழிக்கப் புறப்பட்ட அரசும் இந்தக் கனவை ஒழிக்கவில்லை. போல்ஷ்விக் தலைவர்களுள் ஒருவரும் பொறியாளருமான லியோனித் கிராசின், 1921இல் ஒரு தோழரின் இறுதிச் சடங்கில் பேசும்போது, அறிவியல் வளர்ந்து மாமனிதர்களை உயிர்ப்பிக்கும் காலம் வரும் என்றார். 1924இல் லெனின் இறந்ததும் உடலைக் குளிரூட்டிப் பாதுகாக்கும் முயற்சியில் முன்நின்றவர் அவரே. இறுதிச் சடங்குக் குழுவுக்கு அழியாமையாக்கக் குழு என்ற பொருளில் பெயரும் மாற்றப்பட்டது. குளிர்சாதன ஏற்பாடு பலிக்கவில்லை. உடல் கெடத் தொடங்கியது. வேதியியல் முறையில் பதப்படுத்தும் வழிக்குப் போனார்கள். இன்னொரு போல்ஷ்விக் சிந்தனையாளரான அலெக்சாந்தர் பக்தானவ் 1926இல் மாஸ்கோவில் ரத்தமாற்று ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இளையவரோடு ரத்தத்தைப் பரிமாறிக்கொண்டால் உடல் புத்துயிர் பெறும் என்று நம்பித் தன் உடலிலேயே சோதனை செய்துவந்த அவர், 1928இல் நோயுற்ற மாணவர் ஒருவரோடு செய்த பரிமாற்றத்துக்குப் பின் இறந்தார். மாணவர் பிழைத்துக்கொண்டார். நிறுவனம் தொடர்ந்து நடந்தது. சோவியத் நாட்டின் ரத்தமாற்று மருத்துவத்துக்கு அது நிலைத்த பங்களிப்பைச் செய்தது. இந்த ஒரு வாழ்க்கையிலேயே மூடநம்பிக்கை என்றும் மருத்துவ முன்னேற்றம் என்றும் கோடு கிழித்துப் பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

அமெரிக்கக் கிளை தனியாக முளைத்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவரும் இயற்பியல் ஆசிரியருமான ராபர்ட் எட்டிங்கர், உடலை உறையவைத்துக் காத்திருக்கலாம் என்ற வாதத்தை 1962இல் நூலாகத் தானே அச்சிட்டார்; 1964இல் பெரிய பதிப்பகம் அதை வெளியிட்டது. 1967 ஜனவரி 12 அன்று கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் புற்றுநோயால் இறந்ததும் அவர் உடல் உறையவைக்கப்பட்டது. அந்த உடல் இன்றும் அல்காரிடம் இருக்கிறது. எட்டிங்கர் தன் தாயை 1977இலும், பின்னர் இரு மனைவியரையும் உறையவைத்தார். 2011இல் 92ஆம் வயதில் அவரும் மிச்சிகனில் உள்ள அதே நிலையத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இன்றைய புகழ்பெற்ற எதிர்காலவாதியான ரே கர்ஸ்வைல் இன்னும் ஒருபடி மேலே போகிறார். 1970இல் இறந்த தன் தந்தை, இசைக்கலைஞர் ஃபிரெட்ரிக் கர்ஸ்வைலின் கடிதங்கள், இசைக்குறிப்புகள், கணக்குச் சீட்டுகள் என எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகச் சேர்த்துவைத்திருக்கிறார். போதிய அறிவுள்ள கணினி வந்ததும் அவற்றைக் கொண்டு தந்தையின் மனத்தை மீட்டெடுக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. ஃபியோதரோவ் கேட்டதும் இதைத்தான்: மகன் தந்தையை எழுப்ப வேண்டும்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இது எதையும் நிரூபிப்பதில்லை என்றே நான் கருதுகிறேன். சாவுக்கு அஞ்சுவதும் பிரிந்தவரைத் தேடுவதும் எல்லா மனிதருக்கும் பொது. மந்திரத்தால் முயன்றாலும் மருந்தால் முயன்றாலும் முயல்பவரின் விருப்பம் ஒன்றாகத்தான் இருக்கும். 1922இல் இன்சுலின் ஊசி வந்தபோது, சாவின் விளிம்பில் கிடந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டவர்கள் அதை அற்புதம் என்றே சொன்னார்கள்; அதனால் இன்சுலின் மதமாகிவிடவில்லை. உறைநிலைப் பாதுகாப்பிலும் மெய்யான அறிவியல் உண்டு. உறையவைத்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இன்று ஊர்தோறும் உள்ள கருத்தரிப்பு மையங்களுக்கு இது அன்றாட வேலை. 2023இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடிபோல் உறையவைத்து, 100 நாட்கள் வரை வைத்திருந்து, மீண்டும் சூடாக்கி, வேறு எலிக்குப் பொருத்திக் காட்டினார்கள். சில செல்களே உள்ள கருவிலிருந்து எலியின் உறுப்புவரை வந்தாயிற்று. ஆனால் முழு மனித மூளைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதோ, அந்தத் தூரத்தைக் கடக்கவே முடியுமா என்பதோ யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எதிர்பார்ப்பது தன்னளவில் பக்தியும் ஆகாது, பிழையும் ஆகாது.

அப்படியானால் ஒற்றுமையை எங்கே தேடுவது? வாக்குறுதி தவணை தவறும்போது நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் தேடலாம். மத வரலாற்றில் இதற்குப் பெயர்பெற்ற நிகழ்வு ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் ஆகமத்தின் எண்களைக் கணக்கிட்டுக் கிறிஸ்து திரும்பி வரும் காலத்தை அறிவித்தார். அவரைப் பின்பற்றியோர் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. பல்லாயிரம் பேர் நம்பினார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் உண்டு. அன்று எதுவும் நடக்கவில்லை. மில்லர் தன் கணக்குப் பிழைத்ததை ஒப்புக்கொண்டார். பலர் விலகினார்கள். ஒரு பிரிவினர் தேதி சரிதான், அன்று நடந்தது விண்ணுலகில் நடந்த வேறொரு நிகழ்வு என்று விளக்கம் கண்டு தொடர்ந்தார்கள். மில்லரின் வழி மதத்தின் பொது வழி அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்டின் ஆயிரமாண்டு ஆட்சி பற்றிய வேத வாசகத்தை நாட்காட்டியிலிருந்து விடுவித்து, திருச்சபையின் நடப்புக் காலத்துக்கே உரியதாக விளக்கினார். பழுத்த மதங்கள் நாள் குறிப்பதை அநேகமாக விட்டுவிட்டன. முடிவு எப்போது என்பதைக் கடவுளிடம் விட்டுவிட்டு, அதுவரை எப்படி வாழ்வது என்பதில் அவை கவனம் செலுத்தின.

தொழில்நுட்ப நம்பிக்கையால் நாள் குறிப்பதை விட முடிவதில்லை, ஏனென்றால் நாள் குறிக்காத திட்டத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. 1955இல் ஜெனீவாவில் அணுசக்தியின் அமைதிப் பயன்கள் குறித்து ஐ.நா. நடத்திய மாநாட்டுக்குத் தலைமையேற்ற ஹோமி பாபா, அணுப் பிணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தி வெளிப்படுத்தும் முறை இருபது ஆண்டுகளுக்குள் கண்டுபிடிக்கப்படும் என்று அவை நடுவே முன்னறிவித்தார். அந்தத் தவணை 1975இல் முடிந்தது. 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில், எரிபொருள் குண்டின் மேல் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் பிணைவு ஆற்றலைப் பெற்றார்கள். பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த லேசர்களை ஒருமுறை இயக்க மட்டும் மின்கட்டமைப்பிலிருந்து 300 மெகாஜூல் அளவில் எடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவும் பங்கேற்கும் ஐடெர் பிணைவு உலை பிரான்சில் எழும்பிவருகிறது. அதன் பிரம்மாண்டமான குளிர்காப்புக் கலத்தைச் செய்தது குஜராத்தின் ஹஜிராவில் உள்ள எல் அண்டு டி ஆலை. அந்த உலை இயங்கத் தொடங்கும் ஆண்டு 2016, 2020, 2025 என்று தள்ளிப்போய், இப்போது 2034 என்று நிற்கிறது. 1844இல் அக்டோபர் 22 வந்தேதீர வேண்டியிருந்தது. நம்பியவர்கள் அந்த இரவைக் கடந்தாக வேண்டியிருந்தது. இங்கே நாள் வருவதற்கு முன்பே மாற்றி எழுதப்படுவதால், ஏமாந்தோம் என்று எவரும் உணரவேண்டிய விடியற்காலை வருவதே இல்லை.

தன் கணிப்புக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. கர்ஸ்வைல் 1999இல் வெளியிட்ட நூலில் 2009ஆம் ஆண்டு எப்படியிருக்கும் என்று பல கணிப்புகளைச் சொன்னார். 2010இல் அவரே அமர்ந்து 147 கணிப்புகளைச் சரிபார்த்து, 127 சரி என்று முடிவுகட்டினார், 86 விழுக்காடு. ஒரு கருவி ஆய்வுக்கூடத்தில் இருந்தாலே அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் இந்த எண் வரும். சொன்னபடி மக்கள் புழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் வராது. மற்றவர்கள் மதிப்பிட்டபோது தேறியவை வெகுவாகக் குறைந்தன. தேதி சரி, நிகழ்வுதான் வேறு என்ற 1844இன் விளக்கத்துக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. மதத்தோடு மெய்யாகவே ஒத்துப்போகும் இடம் இதுவே. சாகாவரம் பற்றிய பேச்சைவிட இது முக்கியமான ஒற்றுமை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொழில்நுட்பக் கனவுகளில் பல மெய்யாகவே பலித்திருக்கின்றனவே? மனிதன் பறக்கும் இயந்திரம் வரப் பத்து லட்சம் ஆண்டுகளாவது ஆகும் என்ற கருத்தில் நியூயார்க் டைம்ஸ் 1903 அக்டோபரில் தலையங்கம் எழுதியது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஹெர்பெர்ட் சைமன், பத்து ஆண்டுகளுக்குள் கணினி சதுரங்கத்தில் உலக வாகையராகும் என்று 1957இல் சொன்னார். நாற்பது ஆண்டுகள் ஆயின; ஆனால் 1997இல் டீப் புளூ காஸ்பரோவை வென்றது. மூரின் விதி இன்னும் சிறப்பான சான்று. ஒரு சில்லில் பொருத்தும் பாகங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு இருமடங்காகும் என்று கோர்டன் மூர் 1965இல் கணித்தார். 1975இல் அதை இரண்டாண்டுக்கு இருமடங்கு என்று திருத்திக்கொண்டார். பல பத்தாண்டுகள் அது பலித்தது. இயற்கை விதியாக அது பலிக்கவில்லை. சில்லு நிறுவனங்களும் கருவி செய்வோரும் பொருள் வழங்குவோரும் அந்தக் கணக்கையே பொதுவான வழித்திட்டமாக வைத்து, அடுத்த இரண்டாண்டில் எதைத் தீர்த்தாக வேண்டும் என்று பங்கு பிரித்துக்கொண்டு உழைத்ததால் பலித்தது. எல்லோரும் நம்பியதே அது நடப்பதற்கு ஒரு காரணம். மழை வரும் என்று நம்பினால் மழை வராது; சில்லு சிறுக்கும் என்று எல்லோரும் நம்பிப் பணம் போட்டால் சிறுக்கும். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நேர்மையாகாது.

ஆனால் இந்த மறுப்பு எதை நிறுவுகிறது என்று பார்க்க வேண்டும். சில வாக்குறுதிகள் பலிக்கும் என்பதை நிறுவுகிறது. எது பலிக்கும் என்று முன்கூட்டியே காட்ட அதனிடம் வழியில்லை. அதே சைமன் 1965இல், இருபது ஆண்டுகளுக்குள் மனிதர் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்யும் என்றும் எழுதினார். 1985 வந்து போனது. ஆயுளை ஆயிரம் ஆண்டுக்கு நீட்டும் முதல் மனிதர் ஏற்கெனவே அறுபது வயதில் நம்மிடையே இருக்கக்கூடும் என்று ஆப்ரி டி கிரே 2004இல் எழுதினார். 1997இல் 122 வயதில் இறந்த பிரெஞ்சு மூதாட்டி ஜான் கல்மாவின் சாதனையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. பலித்தவற்றை மட்டும் எண்ணிப் பலிக்காதவற்றை மறப்பது கோயில் நேர்த்திக்கடனில் நாம் காணும் கணக்குமுறைதான். இதிலிருந்து தப்பும் வழியைத் தொழில்நுட்ப உலகமே கண்டுபிடித்தும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2029க்குள் ஒரு கணினி டூரிங் சோதனையில் தேறுமா என்பது பற்றி 2002இல் மிட்ச் கேபோர், கர்ஸ்வைல் இருவரும் 20,000 டாலர் பந்தயம் கட்டினார்கள். சோதனையை யார், எப்படி நடத்துவது என்ற விதிகளையும் எழுதிவைத்தார்கள். தேதி மாறாது, நடுவர் தானல்லாத வேறு ஒருவர், தோற்றால் பணம் போகும். அந்தப் பந்தயத்தில் கர்ஸ்வைல் பக்தராக இல்லை. தன் கருத்துக்குப் பொறுப்பேற்ற மனிதராக இருக்கிறார். ஒரே மனிதரிடம் இரண்டும் இருப்பதால், ஆளைப் பார்த்து இது நம்பிக்கை, இது அறிவு என்று பிரிப்பது வீண்வேலை. எந்த நிபந்தனையில் ஒரு கூற்றைச் சொல்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும்; அது மதத்தை நேசிப்பவர்களுடையது. மதத்தை எதிர்காலம் பற்றிய கூற்றுகளின் பட்டியலாகச் சுருக்கிவிட்டு அதோடு தொழில்நுட்பத்தை ஒப்பிடுவது மதத்துக்குச் செய்யும் அநீதி என்பார்கள். இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். தமிழ்நாட்டிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. ஃபியோதரோவுக்கு ஆறாண்டு மூத்தவரான வடலூர் வள்ளலார் (1823–1874) மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தார். இறந்தவர்களை எரிக்காமல் புதைக்க வேண்டும், ஆண்டவர் அருளால் அவர்கள் எழுவார்கள், ஆகவே அழுது புலம்ப வேண்டாம் என்று 1871இல் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். மாஸ்கோ நூலகரும் வடலூர்த் துறவியும் ஒருவரையொருவர் அறியாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில், இறந்தோர் அனைவரும் எழுவதைப் பற்றிச் சிந்தித்தார்கள் என்பது வியப்புக்குரியது. வள்ளலாரின் அந்த வாக்கை இன்று எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அன்பர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. ஆனால் 1867இல் அவர் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு பற்றி எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பசித்து வந்தவருக்குச் சாதி மதம் கேளாமல் அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள். இறந்தவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் அன்று சாப்பிட்டவரின் பசி தீர்ந்தது தீர்ந்ததுதான். வாக்கு பலிக்கும்வரை காத்திராமல், இன்றைக்கே தன்னளவில் பயனுள்ள ஒரு கடமையை அந்த நம்பிக்கை தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தது. எதிர்காலத் தொழில்நுட்பத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையில் நான் தேடிப் பெரும்பாலும் காணாதது இதைத்தான்.

உறைநிலைப் பாதுகாப்பில் இந்தக் குறை எப்படி வெளிப்பட்டது என்பதற்குத் துயரமான வரலாறு இருக்கிறது. பெட்ஃபோர்டை உறையவைத்த கலிஃபோர்னியா சங்கத்தின் தலைவர் ராபர்ட் நெல்சன், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவர். பின்னர் சாட்ஸ்வர்த் என்ற இடத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிலத்தடி அறை அமைத்து மேலும் சில உடல்களை வைத்தார். உறவினர்கள் தொடர்ந்து பணம் கட்டுவதை நம்பித்தான் நைட்ரஜன் வாங்க வேண்டியிருந்தது. பணம் நின்றது, எந்திரம் பழுதானது, நைட்ரஜன் நிரப்புவது நின்றது. ஒன்பது உடல்கள் உருகிக் கெட்டுப்போயின, 1979இல்தான் அது வெளியே தெரிந்தது, வழக்கும் நடந்தது. கோட்பாட்டில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு அது நிகழவில்லை. வாரந்தோறும் ஒரு லாரி வந்து நைட்ரஜனை ஊற்ற வேண்டும், அதற்கு யாரோ பணம் தர வேண்டும் என்ற சாதாரண விஷயத்தில்தான் எல்லாம் கவிழ்ந்தது. பிறகு வந்த அமைப்புகள் பாடம் கற்று, கட்டணத்தின் ஒரு பகுதியைத் தனி அறக்கட்டளையில் போட்டு அதன் வருமானத்தில் பராமரிப்பை நடத்துகின்றன. அந்தத் துயரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், இழப்பு நம்பிச் சேர்ந்தவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் நின்றுவிட்டது. 1844இல் பயிரை விட்டவர் தன் பயிரைத்தான் விட்டார். வயது வந்த ஒருவர் தன் பணத்தை எந்த நம்பிக்கையில் போட்டாலும் அது அவர் உரிமை.

நம்பிக்கை ஒரு நாட்டின் திட்டமாக மாறும்போது கணக்கு வேறாகிறது. 1987க்குள் இந்தியாவின் அணுமின் திறன் 20,000 முதல் 25,000 மெகாவாட் ஆகும் என்று 1962இல் பாபா கணித்தார். 1987 வந்தபோது கையில் இருந்தது சுமார் 1,000 மெகாவாட். அவருக்குப் பின் வந்த விக்ரம் சாராபாய் காலத்தில், 2000க்குள் 43,500 மெகாவாட் என்ற கணிப்பு வந்தது. 2000இல் இருந்தது 2,720. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கி 2010இல் முடிந்திருக்க வேண்டும். உலைமையத்தை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில். அங்கே உழைத்த பொறியாளர்களின் திறமையையோ நேர்மையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை; பொருளாதாரத் தடைகளும் தொழில்நுட்ப மறுப்பும் அவர்களுக்கு உண்மையான தடைகளாகவே இருந்தன. ஆனால் இருபது மடங்கு பிசகிய ஒரு கணிப்பின் விலையைக் கணித்தவர்கள் தரவில்லை. அந்த மின்சாரத்தை எதிர்பார்த்து வேறு வழிகளில் போடாமல் விட்ட பணத்தின் விலையை, விளக்கில்லாத வீடுகளும் மின்வெட்டில் நின்ற பட்டறைகளும் தந்தன.

இன்று இதே அமைப்பு உலக அளவில் இயங்குகிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் மதம் நினைவுக்கு வராது. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவது பற்றி ஐ.நா.வின் தட்பவெப்பநிலை மாற்றக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த வரம்பை மீறாத அல்லது சிறிதளவே மீறும் பாதைகள் எல்லாமே காற்றிலிருந்து கரியமில வாயுவை வெளியே எடுப்பதைக் கணக்கில் சேர்த்திருந்தன. இந்த நூற்றாண்டு முழுவதற்கும் சேர்த்து அப்படி எடுக்க வேண்டிய அளவு 10,000 கோடி டன் முதல் ஒரு லட்சம் கோடி டன் வரை. காடு வளர்ப்பது இதில் ஒரு பகுதிதான். எஞ்சியதை இன்னும் பெரிய அளவில் இயங்காத தொழில்நுட்பங்கள் செய்ய வேண்டும். காற்றிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுக்கும் ஆலைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக 2024இல் ஐஸ்லாந்தில் தொடங்கப்பட்ட மாமத், ஆண்டுக்கு 36,000 டன் என்ற திறனுக்கு வடிவமைக்கப்பட்டது. உலகம் எரிபொருள் எரித்து வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். அதாவது அந்த ஆலை ஓராண்டு முழுத்திறனில் இயங்கினால் எடுப்பது உலகம் அரை நிமிடத்தில் வெளியிடும் அளவு. அட்டவணையில் 2070க்கோ 2080க்கோ நேரே எதிர்மறை எண் ஒன்றை இட்டால், 2030க்கு நேரே சற்றே பெரிய எண்ணை வைத்துக்கொள்ள முடிகிறது. ஃபியோதரோவின் நூலைப் படித்துச் சிரிப்பவர்கள் இந்த அட்டவணையைப் படித்துத் தலையாட்டுகிறார்கள். அந்த எதிர்மறை எண் பொய்த்தால் வெயிலில் வேலை செய்பவரும் கடலோரம் குடியிருப்பவரும் இழப்பைத் தாங்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை. அதை எழுதியவர்கள் அப்போது இருக்க மாட்டார்கள்.

நம்பிக்கையே வேண்டாம் என்றால் ஆராய்ச்சி நின்றுவிடுமே என்று கேட்பார்கள். நின்றுவிடத்தான் செய்யும், ஆகவே நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. சில்லு செய்தவர்கள் நம்பியது போல நம்பலாம்: அடுத்த இரண்டாண்டில் எது முடிய வேண்டும், முடியாவிட்டால் யார் விடை சொல்வது என்று எழுதிவைத்துக்கொண்டு. கரிமத்தைக் குறைப்பதற்கு ஓர் இலக்கு, காற்றிலிருந்து எடுப்பதற்குத் தனியாக இன்னொரு இலக்கு என்று பிரித்துவைக்க வேண்டும் என ஆய்வாளர்கள் சிலர் சில ஆண்டுகளாக வற்புறுத்திவருகிறார்கள். பின்னது பொய்த்தாலும் முன்னது தன்னளவில் பலன் தரும். புகை குறைந்தால் இன்று மூச்சுவிடுபவருக்கே நன்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இயற்றிய தட்பவெப்பச் சட்டத்தில் இந்தத் திசையில் சிறிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1990இன் அளவிலிருந்து 2030க்குள் 55 விழுக்காடு குறைப்பு என்ற இலக்கை எட்டும் கணக்கில், காடும் மண்ணும் உறிஞ்சிக்கொள்வதாகக் காட்டும் அளவு 22.5 கோடி டன்னைத் தாண்டக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. கண்ணெதிரே நிற்கும் மரங்களுக்கே வரம்பு வேண்டியிருந்தது. 2050க்கும் 2070க்கும் நிகர சுழி என்று வாக்களித்திருக்கும் நாடுகளில் பெரும்பாலானவை, இன்னும் கட்டப்படாத ஆலைகளுக்கு எவ்வளவு விட்டுவைத்திருக்கின்றன என்பதைத் தனி எண்ணாக எழுதவே இல்லை.